கையோடு வந்த செப்புக்கம்பி

பென்சன் எடுத்து நாலு வருஷமாகிவிட்டது. இன்னும் வாரத்துக்கு ஒருவராவது படலையைத் திறந்துகொண்டு வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். "பிள்ளையை அந்தப் பயிற்சி நிலையத்திலை சேர்க்கப்போறம். அது நல்ல இடமோ, ஏமாத்துற இடமோ?" சில பேர் கைத்தொலைபேசியை நீட்டிப் படம் காட்டுவார்கள். வெள்ளை அடித்த சுவர், வரிசையாகக் கதிரைகள், கண்ணாடிச் சட்டத்துக்குள் பதிவுச் சான்றிதழ். நான் வேலை செய்த அரச கந்தோரிலும் இப்போது பாதிச் சோதனை படத்தில்தான் நடக்கிறதாம். நிலையக்காரரே படம் எடுத்து அனுப்புகிறார், கந்தோரில் இருப்பவர் பார்த்துச் சரி போடுகிறார். அப்படிப் படம் பார்த்துச் சொல்லச் சொன்னால் எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிடும். வயது போன நடுக்கம் என்று மனைவி நினைக்கிறாள். இது பயம். எதற்குப் பயம் என்று ஒருக்கால் ஒழுங்காக எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இன்று மேசைக்கு வந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வேலணை. படிப்பை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு மின்வேலைக் கடையில் கையாளாக நின்று, பிறகு அரச பயிற்சி நிலையத்தில் படித்து, படித்த இடத்திலேயே போதனாசிரியராகி, இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வயர் இழுக்கக் காட்டிக்கொடுத்தேன். இடம்பெயர்ந்து போனதும் திரும்பி வந்ததும் அதற்குள் அடக்கம். அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் என்னைத் தீவுப்பகுதிக்குப் பரிசோதகராகப் போட்டார்கள். தனியார் தொடங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களை நேரில் பார்த்து, பதிவு கொடுக்கலாமா கூடாதா என்று அறிக்கை எழுதுவது வேலை. தையல், தச்சு, வெல்டிங், படகு இயந்திரம் திருத்துவது, வீட்டு வயரிங். ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் போவேன். நயினாதீவு, நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் படகு ஏறவேண்டும்.

எனக்கு மேலே இருந்தவர் திரு. நமசிவாயம். மெலிந்த மனிதர். எந்தக் கோடையிலும் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருப்பார். அவர் கத்துகிற மனிதராக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. சோதனைக்குப் போகும் இடத்தில் தேத்தண்ணி குடிக்கமாட்டார், பிளாஸ்கில் தானே கொண்டுவருவார். "குடிச்சால் நன்றி வரும். நன்றி வந்தால் கண் மங்கும்" என்பார். நிலையக்காரரோடு கடைசியில்தான் பேசுவார். முதலில் பிள்ளைகளோடு. அவர்களிடமும் "என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்கமாட்டார். "நேற்று என்ன செய்தனீங்கள்?" என்று கேட்பார். படித்ததைப் பாடமாக்கி ஒப்புவிக்கலாம், நேற்றுச் செய்ததை எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிச் சொல்ல ஏலாது.

ஒருநாள் புங்குடுதீவில் ஒரு நிலையத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். சுவரில் சான்றிதழ்கள் நிறையத் தொங்கின. நான் பவ்வியமாக நின்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து, "சுவரிலை இருக்கிறதை வாசியாதையும். அது தொங்குற ஆணியைப் பாரும்" என்றார். பார்த்தேன். எல்லாம் பளபளவென்று நேற்று அடித்த ஆணி. எங்கள் கடற்காற்றில் ஒரு ஆணி ஒரு மாரி தாண்டினால் துருப்பிடித்துவிடும். வெல்டிங் படிப்பிக்கும் இடமென்றால் கொல்லைப்பக்கம் போய்ப் பழுதாக்கிய தகட்டுக் குவியலைத் தேடுவார். பிள்ளைகளின் கையைத் திருப்பிப் பார்ப்பார். சூட்டுக்காயமே இல்லாத கைகள் என்றால் பேனாவை மூடிவிடுவார்.

ஆனால் நான் உண்மையில் பயந்தது அவருடைய பென்சிலுக்கு. என் அறிக்கையை வரிவரியாக வாசிப்பார். எங்கேயாவது சந்தேகம் வந்தால் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்புவார். "கண்டீரா?" அவ்வளவுதான். பதினைந்து இயந்திரம் உண்டு என்று எழுதினால், கண்டீரா? போதனாசிரியருக்குப் பத்து வருஷ அனுபவம் என்றால், கண்டீரா? பக்கத்தில் நான் "கண்டேன்" என்றோ "சொன்னார்கள்" என்றோ எழுதவேண்டும். "சொன்னார்கள்" என்றால் திரும்பவும் படகு ஏறவேண்டும். பரிசோதகராக இருந்த காலம் முழுக்க அந்தச் சொல்லுக்குப் பயந்து கிடங்குக்குள் இறங்கியிருக்கிறேன், கூரையில் ஏறியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை ஏறவில்லை, இறங்கவில்லை. அதுதான் கதை.

ஊர்காவற்றுறையில் சற்குணம் என்று ஒருவர் வயரிங் பயிற்சி நிலையம் தொடங்கியிருந்தார். வளைகுடா நாட்டில் பல வருஷம் மின்வேலை செய்துவிட்டு வந்தவர். கனடாவில் இருக்கும் உறவினரின் வீட்டைத் திருத்தி, ஒரு அறையில் வகுப்பு, மற்றதில் பலகைகள் பூட்டிச் செய்முறை. பதிவுக்கு விண்ணப்பித்திருந்தார். நான் போனது மார்கழி மாதம். காலையிலிருந்து விடாத மழை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. ஆணிகள் துருப்பிடித்திருந்தன. பிள்ளைகள் பதினான்கு பேர். அப்போதுதான் தொடங்கிய வகுப்பு, ஆனாலும் கைகளில் கீறலும் கொப்புளமும் இருந்தன. பழைய வயர்த் துண்டுகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, ஜெசிந்தா என்று பேர், சுவிச்சை மாறிப் பூட்டி சற்குணத்திடம் ஏச்சு வாங்கியதைத் தானே சொல்லிச் சிரித்தாள். பொய்யான இடத்தில் பிள்ளைகள் அப்படிச் சிரிக்கமாட்டார்கள். சற்குணமும் குழைந்து பேசுகிற ஆள் இல்லை. தெரிந்ததைத் தெரியும் என்றார், தெரியாததைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

கடைசியாக எர்த் கம்பி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டிலே மின்சாரம் வழிதவறி ஒரு மோட்டரின் உடம்பிலோ ஃபிரிஜ்ஜின் உடம்பிலோ ஏறிவிட்டால், அதைத் தொடுகிற மனிதருக்குள் பாயாமல் நிலத்துக்குள் இறக்கிவிடுவது அந்தச் செப்புக்கம்பிதான். நாலடி நீளக் கம்பி முழுவதும் மண்ணுக்குள் இறங்கி, ஈரமண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மேலே தெரிவது அதன் தலை மட்டும். சற்குணத்தின் கம்பித் தலையைச் சுற்றி அழகாகச் சீமெந்து பூசி, வயரை இறுக்கிப் பூட்டியிருந்தது. நான் மீற்றரைப் பூட்டி அளந்தேன். நல்ல அளவு காட்டியது. குடையோ காற்றில் மடிந்துவிட்டது, யாழ்ப்பாணம் போகும் பஸ் வேறு ஹோர்ன் அடித்தது. அறிக்கையில் "எர்த் கம்பி நாலடி, சரி" என்று எழுதிக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

நாலு நாள் கழித்து அறிக்கை திரும்பி வந்தது. நமசிவாயம் சேர் ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில்தான் பென்சில் வைத்திருந்தார். "எர்த் கம்பி நாலடி." பக்கத்தில், "கண்டீரா?"

நான் கண்டது தலையை மட்டும். "இல்லை" என்று எழுதினால் அந்த மழையில் திரும்பவும் போகவேண்டும். மீற்றர்தான் சரி காட்டியதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஐந்து நிமிஷம்கூட அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவரும் கையெழுத்து வைத்தார். பதிவு கிடைத்தது.

ஆடி மாதம் அந்தப் பதினான்கு பேருக்கும் இறுதிச் செய்முறைப் பரீட்சை. மேற்பார்வைக்குப் போனேன். ஆடி மாதத்தில் எங்கள் தீவுகளின் நிலம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர் இல்லை. கிணறு வற்றி, புல்லு கருகி, காலை வைத்தால் புழுதி எழும்பும். ஜெசிந்தா முதல் ஆளாக வந்தாள். ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துக்கொண்டு போனவள், எர்த் அளக்கும் கட்டம் வந்ததும் மீற்றரைக் கீழே வைத்துவிட்டு மூலையில் இருந்த வாளியைத் தூக்கினாள். கம்பித் தலையைச் சுற்றித் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து நின்றாள்.

"என்ன பிள்ளை ஊத்துறீர்?"

"உப்புத்தண்ணி, சேர். கோடையிலை ஊத்திப்போட்டுத்தான் அளக்கவேணும். இல்லாட்டி மீற்றர் பிழை காட்டும்."

ஒளிக்கவோ மறைக்கவோ அவளுக்கு ஒன்றும் இல்லை. பாடத்தை ஒப்புவிப்பதுபோல் சொன்னாள். மார்கழியில் மழை செய்த வேலையை இப்போது வாளி செய்கிறது, மண் நனைந்திருந்தால் கட்டைக் கம்பியும் நல்ல அளவுதான் காட்டும். அவளை விலகச் சொல்லிவிட்டு, காய்ந்த பக்கமாகச் சீமெந்தைச் சுத்தியலால் தட்டி உடைத்தேன். கம்பித் தலையை ஒரு கையால் பிடித்து இழுத்தேன். நாலடிக் கம்பி என்றால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசையாது. அது கையோடு வந்தது. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான் நீளம். அடியில் இரும்பறுக்கும் வாளால் அறுத்த தடம், தட்டையாக.

சற்குணம் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

"அண்ணை, இஞ்சை ஒண்டரை அடி தோண்டினால் சுண்ணாம்புக்கல்லு. கம்பி எங்கை இறங்கிறது? எல்லாரும் அறுத்துத்தானே இறக்கிறவை. ஒரு கம்பியை மூண்டாய் அறுத்தால் மூண்டு வீடு."

"பாறையைத் துளைச்சு இறக்கவேணும் சற்குணம். ஏலாட்டி நீளமாக் கான் வெட்டி, செப்புப் பட்டியைப் படுக்கவைச்சு மூடவேணும்."

"அதுக்கு மெசின் வேணும், நாள் வேணும். வீட்டுக்காரர் பொறுப்பினமே? ட்ரிப் சுவிச் இருக்குத்தானே, ஆபத்தெண்டால் அது தானா விழுந்து கரண்டை வெட்டும்."

விழும். உப்புக்காற்றில் இறுகிப்போகாமல் இருந்தால் விழும். அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். "அதைத் தாண்டி நேரே குடுப்பம் சேர்" என்று இரண்டு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் விளங்கியது. அதுவரை நான் தேடித் திரிந்தது பொய்யான நிலையங்களை. பூட்டிய கதவு, கூலிக்குப் பிடித்து இருத்திய மாணவர், இரவல் இயந்திரம், புது ஆணி. அதில் படித்த பிள்ளைக்கு வேலை தெரியாது, ஆகவே ஆபத்தும் குறைவு. இது உண்மையான நிலையம். உண்மையான ஆசிரியர், மனம்வைத்துப் படித்த பிள்ளைகள், என் கையெழுத்துள்ள உண்மையான பதிவு. ஆளைக் கொல்லும் வேலையை ஒழுங்காக, சுத்தமாக, ஏழு மாதமாகப் பழக்கியிருக்கிறார்கள்.

"பிள்ளையளை வெளிவேலைக்கு அனுப்பினனீங்களோ?" என்று கேட்டேன். நாலாம் மாதத்திலிருந்து, என்றார் சற்குணம். பதினான்கு பேரையும் வரிசையாக இருத்தி, "எந்தெந்த வீட்டிலை வேலை செய்தனீங்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். இருபத்திமூன்று வீடு வந்தது. ஊர்காவற்றுறை, வேலணை, மண்கும்பான், புங்குடுதீவு.

அது வெள்ளிக்கிழமை பின்னேரம். அப்போதே நமசிவாயம் சேருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கவேண்டும். எடுக்கவில்லை. எடுத்தால் "கண்டேன்" என்ற சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். பென்சனுக்கு இரண்டு வருஷம் கிடந்தது. பரீட்சையை நிற்பாட்டினேன், சற்குணத்தின் நிலையத்தைப் பூட்டச் சொன்னேன், விடிய வந்து வீடுகளைப் பார்ப்போம், சத்தமில்லாமல் திருத்திவிடுவோம் என்றேன். ஒரு வெட்கங்கெட்ட திட்டம். அப்போது எனக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை சற்குணத்தின் வான் வண்டியில் அவரும் நானும் ஜெசிந்தாவும் புறப்பட்டோம். முதல் வீடு புங்குடுதீவு மடத்துவெளியில். பரமேஸ்வரி என்று ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில். கிணற்றடியில் புது மோட்டர், புது வயரிங். நாங்கள் போனபோது அவ ஈரச் சேலையோடு கிணற்றடியில் நின்றா, கையில் ஒரு பனஞ்சிலாகை. அந்தச் சிலாகையால் எட்டி மோட்டர் சுவிச்சைக் குத்தினா.

"ஏனம்மா தடியாலை போடுறீங்கள்?"

"கையாலை தொட்டால் சுள்ளெண்டும் ஐயா. நாலு மாசமா இப்பிடித்தான், பழகிப்போச்சு."

நான் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மோட்டரின் இரும்பு உடம்பில் வைத்தேன். பட்டப்பகலிலும் அதன் விளக்கு எரிவது தெரிந்தது. ட்ரிப் சுவிச்சைப் போய்ப் பார்த்தேன். தாண்டி நேரே கொடுத்திருந்தது.

பரமேஸ்வரி அம்மா என்னைக் கவனிக்காமல் பேசிக்கொண்டேயிருந்தா. "மாடும் இந்தப் பக்கம் வராது. தொட்டியிலை தண்ணி வைச்சால் கிட்ட வந்து நிண்டு கத்தும், பிறகு ஓடியிடும். கிணத்தடியிலை ஏதோ நிக்குதெண்டு வைரவர் கோயில்லை நூல் மந்திரிச்சுக் கட்டினனான். பாருங்கோ." துலாக் கட்டையில் கறுப்பு நூல் கட்டியிருந்தது. மாடு வேலியோரம் நின்று எங்களையே பார்த்தது. ஈரமண்ணில் பரவும் மின்சாரத்தை மாட்டின் கால் அறிந்திருக்கிறது. அதைப் படிக்காதவர்கள் நாங்கள்தான்.

நான் மெயின் சுவிச்சை இறக்கினேன். ஜெசிந்தா எர்த் கம்பியை ஒரே இழுவையில் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது நான் அறுத்தது" என்றாள். அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது. அந்த அம்மா நாலு மாதத்தில் ஒருநாள் சிலாகையை மறந்திருந்தால் என்று நினைத்தேன். படலைக்கு வெளியே வந்து நமசிவாயம் சேருக்கு எடுத்தேன். என் பென்சன், என் பேர் ஒன்றும் அப்போது ஞாபகத்தில் இல்லை.

"சேர், ஊர்காவற்றுறை அறிக்கையிலை நான் 'கண்டேன்' எண்டு எழுதினது பொய். கம்பியைப் பிடுங்கிப் பாக்கேல்லை."

அவர் முதலில் கேட்டது இது:

"ஆருக்கும் ஏதும் நடந்ததோ?"

"இன்னும் இல்லை."

"எத்தனை வீடு?"

"இருபத்திமூண்டு."

"அங்கையே நில்லும். நான் வாறன்."

பஸ் மாறி வந்து சேர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. மடத்துவெளிச் சந்தியில் இறங்கி, குடையையும் பிளாஸ்கையும் பிடித்துக்கொண்டு வெய்யிலுக்குள் நடந்து வந்தார். என்னை ஏசவில்லை. நான் எதிர்பார்த்து நின்ற ஏச்சு வராதது எனக்குத் தண்டனையாக இருந்தது. "உம்மைப் பற்றிப் பிறகு எழுதுவன். இப்ப அடுத்த வீட்டைக் காட்டும்" என்றார். பிறகு சொன்னபடியே எழுதினார். அந்தக் கடிதம் இன்றைக்கும் கந்தோரில் என் சேவைக் கோவையில் இருக்கிறது, அது இருக்கவேண்டியதுதான்.

பதினொரு நாள் அலைந்தோம். மின்சாரப் பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். சற்குணம் எங்கேயோ அலைந்து பாறை துளைக்கும் மெசின் ஒன்று கொண்டுவந்தார். கை கொப்புளிக்கக் கொப்புளிக்கத் தானே நின்று துளைத்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஜெசிந்தா ஒருநாளும் தவறாமல் வந்தாள். போகிற வீட்டிலெல்லாம் முதலில் அவள்தான் கம்பியைப் பிடுங்குவாள். எல்லாம் முழங்கை நீளம். போன வீடுகளில் ஆட்கள் கதை கதையாகச் சொன்னார்கள். வேலணையில் ஒரு வீட்டில் குளியலறைக் குழாயைத் துவாய் சுற்றித் திறந்தார்கள். இன்னொரு வீட்டில் புருஷன் தொட்டால் மட்டும் சுள்ளென்றது, அதை வைத்து வீட்டில் பகிடி. ஒருவரும் ஒருவரிடமும் முறையிடவில்லை. பதிவுள்ள இடத்தில் படித்த பிள்ளை செய்த வேலை, அதில் என்ன பிழை இருக்கப்போகிறது?

பதினோராம் நாள் மத்தியானம் இருபத்திமூன்றாவது வீடும் முடிந்தது. அது ஊர்காவற்றுறையிலேயே, துறைக்குக் கிட்ட. நமசிவாயம் சேர் பட்டியலில் கடைசி வரியைக் கீறிவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். எனக்கு உடம்பிலிருந்து பாரம் இறங்கினதுபோல் இருந்தது. "சேர், எங்கட வீடு உதிலைதான். ஒருவாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள் ஜெசிந்தா. சோதனை முடிந்துவிட்டதே, குடிக்கலாம் என்று போனேன்.

சின்ன வீடு. தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தாய் குசினிக்குள் போனா. வாசலில் எல்லோருடைய செருப்பும் கிடந்தது, நானும் கழற்றிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் குசினிக்குள், ஃபிரிஜ்ஜுக்கு முன்னால், ஒரு சோடி றப்பர்ச் செருப்பு கிடந்தது. வீட்டுக்குள் செருப்புப் போடாத சனம் நாங்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். தாய் ஃபிரிஜ்ஜுக்குக் கிட்ட வந்து, அந்தச் செருப்புக்குள் காலை நுழைத்து, பிறகு கதவைத் திறந்து பால் எடுத்தா. மூடிவிட்டுச் செருப்பைக் கழற்றினா. ஒரு யோசனையும் இல்லாமல், தினமும் செய்கிற காரியம்.

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவளும் தாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, இந்த வீட்டு வயரிங் ஆர் செய்தது?"

"நான்தான் சேர்." செருப்பைப் பார்த்தபடி சொன்னாள். "படிக்கத் தொடங்கி ரெண்டாம் மாசம்."

"பட்டியல் எழுதேக்கை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எந்த வீட்டிலை வேலை செய்தனீங்கள் எண்டுதானே கேட்டனீங்கள்? இது... வேலை இல்லைத்தானே சேர். எங்கட வீடு."

அவள் ஓடிப்போய் மெயின் சுவிச்சை இறக்கினாள். "மீன் கிடக்கு பிள்ளை, பழுதாப்போகும்!" என்று தாய் கத்தினா.

"மற்றாக்களும்?" என்று கேட்டேன்.

"ஓம் சேர். படிச்சதை முதல் உங்கட வீட்டிலை செய்து பாருங்கோ எண்டு சற்குணம் சேர் சொன்னவர். எல்லாரும் முதல் செய்தது வீட்டிலைதான்."

பதினொரு நாளாக ஊரார் வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டு திரிந்தோம். அந்தப் பதினான்கு பிள்ளைகளும் பின்னேரம் திரும்பிப் போனது அறுத்த கம்பி உள்ள வீட்டுக்கு. அவர்களைப் பெற்றவர்கள், பிள்ளை படித்துவிட்டது என்ற பெருமையில், முதல் வேலையை வீட்டிலேயே செய்யவைத்தவர்கள். நான் கேட்ட கேள்வியில் அவர்கள் வரவில்லை.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவர்கள் என்னைப்போல் பயந்துகொண்டிருக்கவேண்டாம். அடுத்த மூன்று நாளில் பதினான்கு வீட்டையும் திருத்தினோம். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு நான் காரணம் இல்லை. சற்குணமும் பாறை துளைக்கப் பழக்கி, திரும்ப முதலிலிருந்து படிப்பித்து, ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு விட்டார். ஆனால் ஜெசிந்தாவின் குசினி வாசலில் நின்ற அந்த நேரத்தில் எனக்கு இதொன்றும் தெரியாது.

பதிவுக் கோவையின் பிரதி என் பையில் இருந்தது. பதினான்கு பேருடைய விலாசமும் வீட்டுத் தொலைபேசி இலக்கமும் அதில் முதல் பக்கத்திலேயே இருந்தன. அத்தனை நாளும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறேன். முதல் இலக்கத்தை அழுத்தினேன். நிறோஜன் என்ற பெடியனின் வீடு, மண்கும்பானில். நெடுநேரம் மணி அடித்தது. ஒரு பெண்குரல் எடுத்தது.

"நிறோஜன்ரை வீடோ?"

"ஓம், தாய்தான் கதைக்கிறன். ஒண்டும் கேக்குதில்லை, மோட்டர் ஓடுது. பொறுங்கோ, நிப்பாட்டிப்போட்டு வாறன்."

"அம்மா, தொடாதையுங்கோ! மோட்டரைத் தொடாதையுங்கோ!"

அவ தொலைபேசியை எங்கேயோ வைத்துவிட்டா. கான்கிறீற் நிலத்தில் அது பட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் கத்திக்கொண்டேயிருந்தேன். ஜெசிந்தா என் பக்கத்தில் நிலத்தில் குந்திக் காதைப் பொத்திக்கொண்டாள். மோட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு நின்றது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. மணிக்கூடு பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"ம், இப்ப சொல்லுங்கோ" என்றது குரல். "ஏன் கத்தினனீங்கள்?"

"அம்மா, இனி வீட்டிலை கரண்டிலை ஓடுற ஒண்டையும் தொடாதையுங்கோ. நாங்கள் இப்ப வந்து சேருவம்" என்றேன்.

"ஏன்? எல்லாம் எங்கட மகன் படிச்சுப்போட்டுப் பூட்டினதுதானே. நீங்கள் ஆர்?"

"அவன் படிச்ச இடம் நல்ல இடம் எண்டு கையெழுத்து வைச்சவன் அம்மா" என்றேன். "போய்ப் பாக்காமல் வைச்சவன்."